மெயில் வருவது புக்கிங் முகவரிக்கு, பதில் போவது உங்கள் பெயரில்: போனில் அலியாஸைச் சரிசெய்வது

கேள்வி சுருக்கமாக இது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறு தேயிலைத் தோட்டம், தோட்டத்துக்குள்ளேயே ஒரு ஹோம்ஸ்டே. சொந்த டொமைனில் கூகுள் ஒர்க்ஸ்பேஸ் (தொழிலுக்கான கட்டண ஜிமெயில்) கணக்கு ஒன்று இருக்கிறது. அதன் கீழ் புக்கிங், ஆர்டர், அக்கவுண்ட்ஸ் என்று மூன்று அலியாஸ் முகவரிகள், அதாவது அதே கணக்குக்கு வைத்த மாற்றுப் பெயர்கள். மூன்றுக்கும் வருகிற மெயில் ஒழுங்காக ஒரே இன்பாக்ஸில் வந்து விழுகிறது. ஆனால் போனில் பதில் போட்டால் எல்லாமே சொந்தப் பெயரில் உள்ள முதன்மை முகவரியிலிருந்து போகிறது. கேட்டவரிடம் ஆண்ட்ராய்டு போன், ஜிமெயில் ஆப். கணவரிடம் ஐபோன், அதில் ஆப்பிளின் மெயில் ஆப். இப்போது கொழுந்தனாரும் புக்கிங் மெயிலைப் பார்த்துக்கொள்ள வருகிறார். "போனில் எந்த செட்டிங்கை மாற்றணும், அண்ணா?"

போனைக் குடைய வேண்டாம். நீங்கள் தேடுகிற செட்டிங் ஜிமெயில் ஆப்பில் இல்லவே இல்லை. எந்தெந்த முகவரியிலிருந்து நீங்கள் அனுப்பலாம் என்ற பட்டியல் கூகுளின் சர்வரில் இருக்கிறது. ஆப் அந்தப் பட்டியலை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். அட்மின் பக்கத்தில் அலியாஸ் போட்டபோது உங்களுக்குக் கிடைத்தது பெறுகிற உரிமை. அனுப்புகிற பட்டியலில் அந்த முகவரியை இன்னும் யாரும் சேர்க்கவில்லை. தேயிலை வீட்டுக்காரர்களுக்கு இது எளிதில் புரியும்: ஒரே ஃபேக்டரித் தூள் இரண்டு மார்க்கில், அதாவது இரண்டு விற்பனைப் பெயரில், ஏலத்துக்குப் போகலாம், ஆனால் மூட்டையில் நாமாக ஒரு பெயரை எழுதிவிட்டால் அது மார்க் ஆகிவிடாது, பதிவாகியிருக்க வேண்டும்.

அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரில், பிரவுசரில் செய்ய வேண்டும். ஜிமெயிலைத் திறந்து வலது மேல் மூலையில் பல்சக்கரம், அதில் 'சீ ஆல் செட்டிங்ஸ்', பிறகு 'அக்கவுண்ட்ஸ்' என்ற பகுதி. சாதா ஜிமெயிலில் இதே இடத்துக்கு 'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்' என்று பெயர். அங்கே 'சென்ட் மெயில் ஆஸ்' என்ற வரிசையில் 'ஆட் அனதர் இமெயில் அட்ரஸ்' என்பதைத் தொட்டால் சின்ன ஜன்னல் ஒன்று வரும். பெயர் என்ற இடத்தில் விருந்தினர் பார்க்க வேண்டிய பெயரை எழுதுங்கள். உங்கள் சொந்தப் பெயர் வேண்டாம், ஹோம்ஸ்டேயின் பெயர் போதும். கீழே புக்கிங் முகவரி. 'ட்ரீட் ஆஸ் ஆன் அலியாஸ்' என்ற டிக் அப்படியே இருக்கட்டும். உங்கள் ஒர்க்ஸ்பேஸ் கணக்குக்கே உரிய அலியாஸ் என்பதால் சர்வர், போர்ட், பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. மூன்று முகவரிக்கும் இப்படிச் செய்துவிடுங்கள்.

அலியாஸை இன்றைக்குத்தான் உண்டாக்கினீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அது எல்லா இடத்துக்கும் பரவ 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. அதற்குள் பொறுமை இழந்து அழிப்பது, திரும்பப் போடுவது என்று ஆரம்பித்தால் குழப்பம்தான் கூடும்.

இனி போனுக்கு வாருங்கள். ஜிமெயில் ஆப்பில் புது மெயில் எழுதத் தொடங்கினால் மேலே 'ஃப்ரம்' என்ற வரி இருக்கும். அதன் ஓரத்திலுள்ள அம்புக்குறியைத் தொட்டால் நான்கு முகவரிகளும் வரிசையாக வரும். வரவில்லையா? ஆப்பை முழுதாக மூடித் திறந்து, இன்பாக்ஸைக் கீழே இழுத்து ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி சேர்க்கலாம். எடுப்பதற்கு முன் அவுட்பாக்ஸில் போகாத மெயில் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சப்பனை வளைவுகளில் இறங்கும்போது எழுதி அனுப்பிய மெயில் சிக்னலுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம், கணக்கை எடுத்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். மற்றபடி சிக்னல் இல்லாத இடத்தில் எழுதுவதில் தவறில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த முகவரியோடு மெயில் காத்திருக்கும், சிக்னல் வந்ததும் அதே முகவரியிலிருந்து போகும்.

அதே 'அக்கவுண்ட்ஸ்' பக்கத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அனுப்பும் பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி சேர்ந்ததும், பதில் எழுதும்போது எந்த முகவரியைப் பயன்படுத்துவது என்று இரண்டு தேர்வுகள் அங்கே தோன்றும்: எப்போதும் முதன்மை முகவரி, அல்லது எந்த முகவரிக்கு மெயில் வந்ததோ அதே முகவரி. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தொல்லையில் முக்கால்வாசி இதோடு தீர்ந்துவிடும். ஆனால் இது பதிலுக்கு மட்டும்தான். நீங்களாகப் புதிதாக எழுதுகிற மெயில் இயல்பு முகவரியிலிருந்துதான் கிளம்பும். அந்த இயல்பு எது என்பதையும் அதே பக்கத்தில் 'மேக் டீஃபால்ட்' என்று மாற்றலாம். ஒரு நாளில் எழுதுவதில் பெரும்பங்கு புக்கிங் சம்பந்தப்பட்டது என்றால் புக்கிங்கையே இயல்பாக வைப்பதுதான் என் யோசனை. யாராவது உங்கள் அலியாஸை பிசிசி-யில் (மற்றவருக்குத் தெரியாத நகலாக) போட்டு அனுப்பியிருந்தாலும் பதில் முகவரி மாறிப்போக வாய்ப்புண்டு. அனுப்பும் முன் ஃப்ரம் வரியில் ஒரு பார்வை போவது நல்ல பழக்கம்.

முகவரி மாறினால் அப்படி என்ன ஆகிவிடும் என்று வீட்டில் யாராவது கேட்டால், ஆர்டர் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். உங்களிடம் தூள் வாங்கும் கோயம்புத்தூர்க் கடைக்காரர் ஆர்டர் முகவரியைத் தன் தொடர்புப் பட்டியலில் சேர்த்து வைத்திருப்பார், ஃபில்டரும் போட்டிருக்கலாம். பதில் வேறொரு முகவரியிலிருந்து போனால் அது தெரியாத ஆள் அனுப்பியதாகத்தான் அவருக்குத் தோன்றும். பணம் சம்பந்தப்பட்ட மெயில் என்றால் இன்னும் மோசம். வங்கிக் கணக்கு எண்ணோடு திடீரென்று வேறு முகவரியிலிருந்து ஒரு மெயில் வந்தால் மோசடி என்று சந்தேகப்படுவதுதான் சரி, அப்படிச் சந்தேகப்படும் வாடிக்கையாளரை நாம் குறை சொல்ல முடியாது. அக்கவுண்ட்ஸ் முகவரியில் தொடங்கிய பேச்சு அக்கவுண்ட்ஸ் முகவரியிலேயே முடியட்டும்.

அடுத்து சிக்னேச்சர். பிரவுசரில் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி சிக்னேச்சர் வைக்கலாம். ஜிமெயில் ஆப்பிலுள்ள 'மொபைல் சிக்னேச்சர்' கணக்குக்கு ஒன்றுதான். நீங்கள் எந்த அலியாஸைத் தேர்ந்தெடுத்தாலும் அதே வரிகள்தான் கீழே ஒட்டிக்கொள்ளும். "தேயிலை மொத்த விற்பனை, ஜிஎஸ்டி எண் இன்னது" என்று எழுதி வைத்திருந்தால், தேனிலவுக்கு அறை கேட்ட தம்பதிக்கும் அது போகும். ஆகவே மொபைல் சிக்னேச்சரில் மூன்றுக்கும் பொதுவானதை மட்டும் வையுங்கள்: தோட்டத்தின் பெயர், ஊர், போன் நம்பர். செக்-இன் நேரம், பேங்க் விவரம் போன்றவை மெயிலுக்குள் வரட்டும்.

அவற்றை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வதா என்று கேட்பீர்கள். பிரவுசரில் உள்ள 'டெம்ப்ளேட்ஸ்' வசதி ஜிமெயில் ஆப்பில் கிடையாது. அதற்குப் பதிலாகக் கீபோர்டையே பழக்கலாம். ஆண்ட்ராய்டில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டில் தனிப்பட்ட அகராதியில் ஒரு சொல்லுக்குச் சுருக்கெழுத்து கொடுக்கலாம், ஐபோனில் 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' என்று அதே வசதி உண்டு. உங்களுக்கு இது நிச்சயம் உதவும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று ஆன பிறகு, மலையில் ஹோம்ஸ்டே நடத்துகிற யாருக்கும் "இ-பாஸ் எப்படி எடுப்பது?" என்ற மெயில் வராத வாரம் இல்லை. அதற்கான பதிலை இரண்டெழுத்துச் சுருக்கெழுத்தில் வைத்துக்கொண்டால் பச்சைத் தேயிலை எடை போடுகிற இடத்தில் நின்றபடியே பதில் அனுப்பிவிடலாம். ஜிபோர்டு அகராதி நீளமான பத்திக்கு ஏற்றதல்ல, அப்படிப்பட்டதை கூகுள் கீப்பில் ஒரு குறிப்பாக வைத்து காப்பி செய்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணவரின் ஐபோன். என் நேரான கருத்து: அதிலும் ஜிமெயில் ஆப்பையே போட்டுவிடுங்கள். ஐஓஎஸ் 14 வந்த 2020-லிருந்து ஆப்பிளின் மெயில் ஆப்புக்குப் பதிலாக வேறொன்றை இயல்பு மெயில் ஆப்பாக வைத்துக்கொள்ள ஐபோன் அனுமதிக்கிறது. ஜிமெயில் ஆப் அங்கேயும் அதே சர்வர் பட்டியலைத்தான் படிக்கும். நீங்கள் பிரவுசரில் ஒருமுறை செய்தது அவருக்கும் வந்துவிடும்.

ஆப்பிள் மெயில்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தால் அதன் வழி வேறு. அந்த ஆப் கூகுளிடம் பட்டியல் எதையும் கேட்டு வாங்குவதில்லை. போனிலேயே நாம் எழுதிக் கொடுக்கும் முகவரிகளைத்தான் காட்டும். புது ஐஓஎஸ்ஸில் செட்டிங்ஸ், ஆப்ஸ், மெயில், மெயில் அக்கவுண்ட்ஸ் என்று உள்ளே போக வேண்டும். மெயிலை சர்வரிலேயே வைத்துப் படிக்கிற ஐமேப் முறையில் சேர்த்த கணக்காக இருந்தால், முகவரி உள்ள வரியைத் தொட்டதும் கூடுதல் முகவரி சேர்க்க இடம் கிடைக்கும். சேர்த்த பிறகு மெயில் எழுதும்போது ஃப்ரம் வரியைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு பொறி இதில் இருக்கிறது. போனில் புக்கிங் முகவரியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார், சென்ட் ஃபோல்டரிலும் போனதாகக் காட்டியது, ஆனால் விருந்தினருக்குப் போய்ச் சேர்ந்தது முதன்மை முகவரியிலிருந்து. இப்படி நடந்தால் போனில் கோளாறு இல்லை. ஜிமெயில் சர்வர் வழியாகப் போகும் மெயிலில், அனுப்பும் பட்டியலில் இல்லாத முகவரி ஃப்ரம் வரியில் இருந்தால் கூகுள் அதை அழித்துவிட்டு, உள்நுழைந்த கணக்கின் முகவரியை எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதனால்தான் ஆளாளுக்கு போனைத் திட்டுகிறார்கள். பிரவுசரில் 'சென்ட் மெயில் ஆஸ்' பதிவு இருந்துவிட்டால் கூகுள் கைவைக்காது. ஆகவே ஐபோனுக்கும் முதல் வேலை அந்தப் பிரவுசர் வேலைதான்.

எல்லா சர்வரும் இப்படி ஓசைப்படாமல் திருத்திக்கொண்டிருக்காது. வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வரும் மெயில் சர்வர்கள் சில, "இந்த முகவரி இந்தக் கணக்குக்குச் சொந்தமில்லை" என்று 553 எண்ணுள்ள பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். சில எதையுமே சரிபார்க்காமல் எழுதிக் கொடுத்ததை அப்படியே அனுப்பும். எனக்குப் பிடித்தது திருப்பி அனுப்புகிற சர்வர்தான். என்ன தவறு என்றாவது தெரியும்.

மூன்று முகவரிக்கும் மூன்று சிக்னேச்சர் போனிலேயே வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்டு ஆப்பைப் பாருங்கள். பல வருடங்களாக கே-9 மெயில் என்ற பெயரில் இருந்த இலவச ஆப்தான் இது. 2022-ல் தண்டர்பேர்டு குழுவோடு சேர்ந்து, 2024 அக்டோபரில் தண்டர்பேர்டு என்ற பெயரிலேயே வெளிவந்தது. இதில் 'ஐடென்டிட்டி' என்று ஒன்று உண்டு: பெயர், முகவரி, பதில் வரவேண்டிய முகவரி, சிக்னேச்சர் நான்கும் சேர்ந்த ஒரு தொகுப்பு. கணக்கின் செட்டிங்ஸில் மெயில் அனுப்புவது பற்றிய பகுதியில் 'மேனேஜ் ஐடென்டிட்டீஸ்' என்று இருக்கும். புக்கிங்குக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று என்று செய்து வைத்தால், மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ அதற்குரிய ஐடென்டிட்டியைப் பதில் எழுதும்போது ஆப்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கூகுள் சர்வரில் பதிவு இருக்க வேண்டும் என்ற விதி இதற்கும் உண்டு. தோற்றத்தில் ஜிமெயில் ஆப் அளவுக்கு வழுவழுப்பு இருக்காது. தினமும் மூன்று விதமான ஆட்களுக்கு எழுதுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், எப்போதாவது பதில் போடுகிறவருக்கு ஜிமெயில் ஆப்பே போதும்.

கொழுந்தனார் விஷயத்துக்கு வருவோம். உண்மையில் உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். ஒரு அலியாஸ் ஒரே ஒரு பயனருக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும். அவரும் புக்கிங் மெயிலைப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுத்து அவர் போனிலும் அதே கணக்கைத் திறப்பது என்றுதான் முதலில் தோன்றும். இந்த மலையில் பாதி ஹோம்ஸ்டேக்கள் அப்படித்தான் ஓடுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் சொந்த மெயில், அக்கவுண்ட்ஸ் மெயில், கணக்கோடு சேர்ந்த டிரைவ், போட்டோ எல்லாமே அவர் கைக்குப் போகிறது. நாளை அவர் போன் தொலைந்தால் உங்கள் கடை முழுவதும் தொலைகிறது. ஒரு விருந்தினருக்கு இரண்டு பேரும் இரண்டு விதமான வாடகை சொல்லிப் பதில் அனுப்புவது தனி வேடிக்கை.

புக்கிங் முகவரியை அலியாஸிலிருந்து எடுத்துவிட்டு அதே பெயரில் கூகுள் குரூப் ஒன்றை உண்டாக்குங்கள், ஒரே முகவரிக்கு வரும் மெயில் அதன் உறுப்பினர் எல்லோருக்கும் போகும். குரூப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. உங்கள் முதன்மை முகவரியும் அவருடைய முகவரியும் அதில் உறுப்பினர்கள். அவருக்கும் ஒரு ஒர்க்ஸ்பேஸ் கணக்கு வாங்க வேண்டியிருக்கும், அந்த மாதக் கட்டணத்தைக் கஞ்சத்தனம் பார்க்காமல் கட்டுங்கள். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் இந்த முகவரிக்கு எழுதலாம் என்று குரூப்பின் அனுமதியில் திறந்துவிட வேண்டும். இயல்பாக அது மூடியிருக்கலாம், மூடியிருந்தால் விருந்தினரின் மெயிலே உள்ளே வராது. பிறகு இருவரும் அவரவர் கணக்கில், அவரவர் பிரவுசரில், 'சென்ட் மெயில் ஆஸ்' பகுதியில் அந்த குரூப் முகவரியைச் சேர்க்க வேண்டும். இந்த முறை உறுதிப்படுத்தும் குறியீடு ஒரு மெயிலாக அந்த குரூப்புக்கே போகும். குரூப் மூடியிருந்தால் அந்த மெயிலும் வாசலிலேயே நின்றுவிடும். "கோடு வரவில்லை" என்று புலம்புகிறவர்களில் பலர் மாட்டுவது இந்த இடத்தில்தான். இங்கே 'ட்ரீட் ஆஸ் ஆன் அலியாஸ்' டிக்கை எடுத்துவிடலாம், ஏனென்றால் இந்த முகவரி உங்களுக்கு மட்டும் உரியதல்ல.

அலியாஸை எடுத்து குரூப்பாக மாற்றும் இடைவெளியில் வருகிற மெயில் திரும்பிப் போகக்கூடும். சீசன் நேரமான ஏப்ரல், மே மாதங்களில் இதைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு வாரநாள் இரவு செய்தால் போதும்.

ஒர்க்ஸ்பேஸ் இல்லாமல் வேறு சேவை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் 365-ல், அலியாஸிலிருந்து அனுப்பும் வசதியை அட்மின் எக்ஸ்சேஞ்ச் அட்மின் பக்கத்தில் மெயில் ஃப்ளோ செட்டிங்ஸுக்குப் போய் நிறுவனம் முழுவதற்கும் ஒருமுறை திறந்துவிட வேண்டும். திறக்காதவரை அங்கேயும் முதன்மை முகவரிதான் போகும். அதன் பிறகு அவுட்லுக் மொபைல் ஆப்பில் ஃப்ரம் வரியைத் தொட்டு மாற்றலாம். இரண்டு பேர் பார்க்க வேண்டிய முகவரிக்கு அங்கே 'ஷேர்டு மெயில்பாக்ஸ்' என்ற நல்ல ஏற்பாடு உண்டு, 50 ஜிபி வரை தனி லைசென்ஸ் வேண்டாம், அவுட்லுக் ஆப்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஜோஹோ மெயில் வைத்திருப்பவர்களுக்கும் கதை இதேதான்: அட்மின் அலியாஸ் போடுவார், போனில் ஜோஹோவின் சொந்த ஆப்பில் தேர்ந்தெடுக்கலாம். இலவசத் திட்டத்தில் ஐமேப் இல்லாததால் வேறு ஆப்பில் அந்தக் கணக்கைத் திறக்க முடியாது.

நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இன்னொரு அமைப்பு: வெப்சைட் செய்து கொடுத்தவர் ஹோஸ்டிங்கோடு ஒரு மெயில் முகவரியும் கொடுத்திருப்பார், அதை முதலாளி தன் சாதா ஜிமெயிலில் கட்டி வைத்திருப்பார். இதுவும் போனில் வேலை செய்யும். 'சென்ட் மெயில் ஆஸ்' சேர்க்கும்போது ஹோஸ்டிங்கின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சர்வர் பெயர், போர்ட் 587 அல்லது 465, அந்த முகவரியின் பாஸ்வேர்டு மூன்றையும் கொடுக்க வேண்டும். ஹோஸ்டிங் பக்கம் பாஸ்வேர்டை மாற்றினால் இங்கேயும் மாற்ற வேண்டும், மறந்தால் அனுப்பியதெல்லாம் திரும்பி வரும். ஹோஸ்டிங் சர்வர் வேண்டாம் என்று ஜிமெயிலின் சர்வரையே கொடுத்து ஒப்பேற்றுபவர்களும் உண்டு. அப்போது மெயிலில் சர்வர் போடும் மறைவான டிஜிட்டல் கையொப்பம் ஜிமெயிலுடையது, முகவரி உங்கள் டொமைனுடையது. டொமைனின் டிமார்க் விதி (சரிபார்ப்பில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று டொமைன் சொல்லி வைப்பது) கண்டிப்பாக இருந்தால் பெறுகிற சர்வர் அதை ஸ்பாமில் தள்ளும், அல்லது வாங்கவே வாங்காது. இன்னொன்று: வேறு கணக்கின் மெயிலை பாப் முறையில் ஜிமெயிலுக்குள் இழுத்துவரும் வசதியை 2026 ஜனவரியிலிருந்து நிறுத்துவதாக கூகுள் அறிவித்தது. அந்த அறிவிப்பு பெறுகிற வழியைப் பற்றியது. அப்படி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கணக்கை ஐமேப் முறையில் போன் ஆப்பில் தனியாகச் சேர்த்துக்கொள்வது நல்லது.

டிமார்க் என்றதும் பயப்பட வேண்டாம். உங்கள் அலியாஸ்கள் முதன்மை முகவரி இருக்கும் அதே டொமைனில் இருப்பதால், டொமைனுக்கு ஒருமுறை செய்தது எல்லாவற்றுக்கும் போதும். எந்தெந்த சர்வர் உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் என்ற டிஎன்எஸ் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். வெப்சைட்காரர் ஒன்று, கூகுளுக்காக நீங்கள் ஒன்று என்று இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது, ஒரே வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மெயில் உங்கள் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையொப்பத்தை ஒர்க்ஸ்பேஸ் அட்மின் பக்கத்தில் ஜிமெயில் பிரிவுக்குள் போய் நாமே இயக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கூகுள் கேட்கிறது. நாளைக்கு தைல எண்ணெய் விற்பனைக்கென்று தனி டொமைன் வாங்கி, அதையும் இதே கணக்கில் இணைத்தால், அந்த டொமைனுக்கு இவை இரண்டையும் தனியாகச் செய்ய வேண்டும்.

அலியாஸை ஒரு முகமூடி என்று நினைத்துவிடாதீர்கள். மெயிலின் முழுத் தலைப்பகுதியையும் விரித்துப் பார்ப்பவருக்கு மூல முகவரி தெரிந்துவிடலாம். அது கூட வேண்டாம், கூகுளின் மற்ற சேவைகளே காட்டிக் கொடுக்கும். கேலண்டர் அழைப்பு முதன்மை முகவரியிலிருந்துதான் போகும். 25 எம்பி-க்கு மேல் இருக்கும் படங்களை ஜிமெயில் டிரைவ் லிங்க்காக மாற்றிவிடும், லிங்க்கைத் திறப்பவருக்கு ஃபைலின் உரிமையாளராகத் தெரிவது உங்கள் சொந்தப் பெயர். தோட்டத்துப் படங்களை விருந்தினருக்கு அனுப்பும்போது கொஞ்சம் சுருக்கி அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை, நம் மலை சிக்னலுக்கும் அதுதான் நல்லது.

ஒரு பயனருக்கு 30 அலியாஸ் வரை ஒர்க்ஸ்பேஸ் இலவசமாகவே தருகிறது. தருகிறது என்பதற்காக சேல்ஸ், இன்ஃபோ, சப்போர்ட் என்று அடுக்காதீர்கள். போனில் ஃப்ரம் வரியைத் தொட்டால் விரல் ஒரு முகவரி தள்ளிப்போவதற்கு அவ்வளவு போதும். உங்களுக்கு மூன்றே அதிகம் என்பேன். ஆர்டருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் பதில் எழுதுவது ஒரே ஆள்தானே, அவை ஒன்றாகவே இருந்திருக்கலாம். ஏற்கெனவே பில்லில் அச்சடித்துவிட்டீர்கள் என்றால் சரி, இருக்கட்டும். எந்தப் பயண வெப்சைட் வழியாக விசாரணை வருகிறது என்று பிரித்துப் பார்க்க மட்டும் ஒரு முகவரி வேண்டும் என்றால் அதற்கு அலியாஸே தேவையில்லை. முகவரியில் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தால் ஜிமெயில் அதை அதே இன்பாக்ஸில் சேர்த்துவிடும், ஃபில்டரில் பிரித்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்கும்போது உங்களுக்கு நீங்களே அனுப்பிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், இரண்டு போனிலிருந்தும் புக்கிங் முகவரியைத் தேர்ந்தெடுத்து, வெளியிலுள்ள ஒருவரின் சாதா ஜிமெயிலுக்கு அனுப்புங்கள். அவர் கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தொட்டால் மேலேயே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று வரிசையாக இருக்கும். எதெல்லாம் 'பாஸ்' என்று இருக்கிறது என்று பாருங்கள். அதன் கீழே நீளமாக வருவதில் 'ஃப்ரம்' என்று தொடங்கும் வரியில் புக்கிங் முகவரி இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து போனது சரியாக இருந்து ஐபோனிலிருந்து போனது மட்டும் தவறினால், கணவர் கணக்கை எந்த முறையில் சேர்த்திருக்கிறார், 'ஃப்ரம்', 'ரிட்டர்ன் பாத்' இரண்டு வரிகளிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.